நெற்றி பார்த்து வாங்கிய மீன்

போன கிழமை என் பேரன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு "ஸாட்" என்றான். ஜேர்மன் பாஷையில் அதற்கு வயிறு நிரம்பிவிட்டது, போதும் என்று அர்த்தம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். ஆனால் அன்றைக்கு அவன் கோப்பையில் மிஞ்சிக் கிடந்தது மீன் துண்டு. அதைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். "ஏனம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு எங்கேயிருந்து தொடங்குவது? ஆமியின் சுற்றிவளைப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும், அதற்குள் சோறு ஆறிவிடும். உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் என் வயதுக்காரர். ஜீப் சத்தம் கேட்டால் எந்த வேலிக்குள்ளால் ஓடவேண்டும் என்று உங்கள் கால்களுக்கே தெரிந்திருந்தது.

நான் சொல்லுவது உடுப்பிட்டியில் ஒரு மாரிகாலம். எனக்குப் பதினொரு வயதிருக்கும். எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு பெரியம்மாவுடையது. என் அம்மாவின் தமக்கை. பெரியப்பா வெங்காயமும் புகையிலையும் செய்கிற கமக்காரர், வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். அவர்களுக்கு ஒரே ஒரு பிள்ளை. அந்த அண்ணை பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை எடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தான்.

அண்ணைக்கு ஒரு விசர் இருந்தது. மற்றப் பெடியள் சைக்கிளுக்குச் சோடனை செய்துகொண்டு திரிய, இவன் மட்டை கழன்ற ஆங்கில அகராதி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சொற்களுக்குப் பூர்வீகம் பார்ப்பான். அந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அது எங்கேயிருந்து வந்தது, முந்தி அதற்கு என்ன பொருள் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அவனுக்குச் சொல்லின் இன்றைய பொருளில் அக்கறை இல்லை. கலியாணம் பேச வந்தவன் மாதிரி, தாய் ஆர் தகப்பன் ஆர் என்றுதான் விசாரிப்பான். கண்டுபிடித்ததை ஆருக்காவது சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அகப்படுகிற ஆள் எப்போதும் பெரியம்மா.

ஒரு மத்தியானம், கீளி மீன் குழம்பு. நானும் அங்கேதான் சாப்பிட்டேன், அது என் வழக்கம். அண்ணை வாய்க்குள் சோறோடு தொடங்கினான்.

"அம்மா, ஸாட் எண்டு இங்கிலீசிலை ஒரு சொல்லு இருக்கு. துக்கமாயிருக்கிறவன் எண்டு அருத்தம். முந்தி அதுக்கு என்ன அருத்தம் தெரியுமோ? வயிறு நிரம்பினவன்."

"உனக்கு ஆரோ பேய்க்காட்டிப்போட்டாங்கள்," என்றார் பெரியம்மா. "துக்கப்படுறவனுக்கு எங்கையடா சோறு இறங்கும்?"

"சொல்லுறதைக் கேளுங்கோவன். முதல் வயிறு நிரம்பினவன். நிரம்பினால் பாரம். பாரமானவன் துள்ளித் திரியமாட்டான், ஒரு இடத்திலை அசையாமல் இருப்பான். அப்பிடி இருக்கிறவனைப் பாத்த சனம், உவனுக்கு என்னவோ துக்கம் எண்டு எடுத்துக்கொண்டிட்டுது. சொல்லும் அப்பிடியே துக்கத்தோடை போயிட்டுது."

"அப்ப கொப்பர் சாப்பிட்டுட்டுச் சாய்மனைக் கதிரையிலை கிடக்கிறதும் துக்கத்திலையோ?"

பெரியப்பாவே சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு, அதனால் அந்த மத்தியானம் முழுதாக நினைவிலிருக்கிறது. பெரியம்மா அண்ணையின் கோப்பையில் இன்னொரு துண்டு மீனை வைத்தார்.

அந்த வருஷம் பெடியளை வீட்டில் வைத்திருப்பது நெருப்பை மடியில் கட்டியிருப்பதுதான். சந்தியில் ஆமி பிடித்தவர்களைப் பற்றிப் பிறகு ஒரு சேதியும் வருவதில்லை. அண்ணையை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவது என்று பெரியப்பா முடிவெடுத்தார். எங்கள் ஆட்களுக்கு மண் தெரியும், கடல் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே கடல் ஆள், வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற பெண்தான். கரையிலிருந்து கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலேறமுன் எங்கள் ஒழுங்கைக்கு வந்துவிடுவாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, அரைச் சதக் காசு அளவில். அவளுடைய புருஷன் படகோட்டி, அக்கரைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுகிறவன். பெரியம்மா அவளிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"பிள்ளையை உன்ரை மனிசன்ரை கையிலை தாறன்."

"என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பார் அம்மா," என்றாள் அவள்.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் அண்ணை போனான். அகராதியைக் கொண்டுபோகப் பாரம் என்று விட்டுவிட்டான். விடியப்புறம் கடல் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை, ஆரோ ஓலை முறிக்கிற மாதிரி. பெரியம்மா கிணற்றடியில் வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். வாளியை இறக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. படகு போய்ச் சேர்ந்தது என்று ஆரும் சொல்லவில்லை. மூழ்கியது என்றும் ஆரும் நேரில் வந்து சொல்லவில்லை. ஆனால் ஊர் தானாகவே ஒன்று செய்தது. மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டது. கடலில் பிள்ளைகள் கிடக்கின்றன, அந்தக் கடல் மீனை எப்படி வாயில் வைப்பது? ஆரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. எங்கள் அம்மாவும் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார். முருங்கைக்காய், கத்தரிக்காய், முட்டை, மறுபடியும் முருங்கைக்காய். எனக்கு அழுகையாக வந்தது, அண்ணையை நினைத்துப் பாதி, மீனை நினைத்துப் பாதி. பதினொரு வயதுப் பிள்ளையிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பெண் மறுபடி கடகத்தோடு வந்தாள். ஒழுங்கையில் எல்லாப் படலைகளும் சாத்திக் கிடந்தன. பெரியம்மாவின் படலை மட்டும் திறந்தது.

"என்ன மீன் பிள்ளை?" என்று பெரியம்மா கேட்டதை வேலியருகில் நின்ற நான் கேட்டேன். அவர் கடகத்துக்குள் பார்க்கவில்லை. செவுளைப் புரட்டிப் பார்க்காமல், கண்ணை அமத்திப் பார்க்காமல் மீன் வாங்குகிற ஆள் அல்ல பெரியம்மா. அன்றைக்கு அவர் பார்த்தது அவளுடைய நெற்றியை. குங்குமம் இருந்தது. "போடு," என்றார்.

அன்று மத்தியானம் மீன் குழம்பு வாசம் வேலிக்கு மேலால் வந்தது. எங்கள் அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு, "அக்காவுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்றார்.

அதற்குப் பிறகு, வெள்ளியும் செவ்வாயும் தவிர, ஒவ்வொரு நாளும் மீன். சமைப்பது மட்டுமில்லை, பெரியம்மா நன்றாகச் சாப்பிட்டார். கோப்பை நிறையச் சோறு போட்டு, மீன் முள்ளை ஒன்றொன்றாக எடுத்து வைத்து, கடைசிப் பருக்கை வரைக்கும். பெரியப்பா ஒரு வாய் வைக்கமாட்டார். தாடி வளர்ந்து, விலா எலும்பு தெரிய, கஞ்சித் தண்ணியோடு கிடந்தார். ஊர் அவரைப் பார்த்துக் கண்கலங்கியது. பெரியம்மாவைப் பார்த்து நாக்கை நீட்டியது. எல்லாரிலும் நீளமான நாக்கு மாமிக்கு, அதாவது பெரியப்பாவின் தங்கச்சிக்கு.

"பெத்த பிள்ளை கடலுக்கை கிடக்குது. இவ மூண்டு நேரமும் மூக்கு முட்டத் திண்டுகொண்டிருக்கிறா. மீனோடை. நெஞ்செண்டு ஒண்டு இருக்கோ இல்லையோ," என்று எங்கள் முற்றத்தில் நின்று, பக்கத்து வளவுக்குக் கேட்கிற குரலில் சொன்னா.

பெரியம்மாவுக்குக் கேட்டது. நான் அப்போது அவருடைய குசினியில்தான் இருந்தேன். கறியை இறக்கியபடி என்னைப் பார்த்துச் சொன்னார், "கொண்ணை வரேக்கை நான் எழும்பி நடக்கவேணும். கிடையிலை கிடந்தால் ஆர் அவனுக்குச் சமைக்கிறது? நீயும் சாப்பிடு." நான் சாப்பிட்டேன். எங்கள் வீட்டில் சொல்லவில்லை.

செத்தவீட்டில் முப்பத்தொரு நாளும் மீன் மச்சம் ஆகாது. இதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டையும் அந்த ஊரில் ஒரு பெரிய மனிதர்கூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தக் குசினியில் மீன் கொதிக்கும் வரைக்கும் அது செத்தவீடு இல்லை. எவ்வளவு சின்னக் கணக்கு. அதை நெஞ்சில்லாதவள் என்று வாசித்தார்கள், அறிவு கெட்ட சனம். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐப்பசி பிறந்ததும் பெரியப்பா கதைக்கத் தொடங்கினார். உடம்பு கிடைக்காவிட்டால் தர்ப்பையால் ஆள் செய்து எரிக்கலாம், பிறகு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்யலாம், பிள்ளையை அந்தரிக்க விடக்கூடாது என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, அவரும் பெற்றவர்தான். பெரியம்மா ஒரே மறுமொழி சொன்னார்.

"ஒரு படகிலை போனவை. படகோட்டியின்ரை பெண்சாதி பொட்டோடை திரியிறாள். அவளுக்கில்லாத அவசரம் உங்களுக்கு ஏன்?"

இப்படியே நாட்கள் போயின. அந்தப் பொட்டு இருக்கும் வரைக்கும் அண்ணை இருந்தான். பெரியம்மாவும் சாப்பிட்டார்.

இனித்தான் எனக்கு நித்திரை போன கதை. எங்கள் ஒழுங்கை தொடங்குகிற இடத்தில் ஆலமரத்தின் கீழ் ஒரு வைரவர் சூலம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த காலம், நான் அங்கே ஆலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடகத்தை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண் சூலத்துக்குப் பின்னால் குந்தியிருந்தாள். அவளுடைய நெற்றி வெறுமையாக இருந்தது. மடியில் முடிந்திருந்த கடதாசியை அவிழ்த்து, குங்குமத்தை விரலால் எடுத்து, கண்ணாடி இல்லாமல் கைப்பழக்கத்தில் நெற்றியில் வைத்தாள். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து மூடினாள். பிறகு கடகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் போனாள்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கியும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏன் அங்கேயே நின்றேன்? திரும்பி வந்தவள் அதே இடத்தில் முந்தானைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள். ஓடவில்லை, ஏசவில்லை.

"அவையின்ரை வீட்டுப் பிள்ளையோ?"

"ஓம்."

"பாத்ததைச் சொன்னியெண்டால் உங்கடை பெரியம்மா நாளைக்குச் சோறு தின்னமாட்டா. விளங்குதோ பிள்ளை?"

தலையாட்டினேன். கரை நாலு மைல்தானே, அங்கே விழுந்த சாவு இங்கே எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கடலில் அப்படிப் போனவனுக்குப் பறை அடிக்க முடியுமா? ஆர் வீட்டு ஆள், எங்கே போனான் என்று விசாரித்துக்கொண்டு ஜீப் வந்து நிற்கும். ஒப்பாரியைக்கூட வாய்க்குள் வைத்துத்தான் பாடியிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கும் கரை ஆட்களுக்கும் செத்தவீட்டுப் போக்குவரத்து எப்போதும் இருந்ததில்லை, அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்றிலிருந்து விடிந்தால் எனக்கு அதே யோசனைதான். அவள் பொட்டை மறந்து வந்துவிட்டால்? வேறு ஆராவது வைரவரடியில் கண்டுவிட்டால்? மாமி கண்டால்? படலை திறக்கிற சத்தம் கேட்கும்வரை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெரியம்மா நெற்றியைப் பார்ப்பார், "போடு" என்பார். அதற்குப் பிறகுதான் நான் முகம் கழுவப் போவேன்.

கார்த்திகையில் ஒரு காலை, ஐயர் வந்துவிட்டார். பெரியப்பா கேட்காமல் கொள்ளாமல் கூப்பிட்டிருந்தார். விறாந்தையில் ஐயர், பெரியப்பா, மாமி. எங்கள் அம்மா கதவு நிலையோடு நின்றார், நான் அம்மாவுக்குப் பின்னால். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐயர் பஞ்சாங்கத்தை விரித்தபோது பெரியம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"பொறுங்கோ ஐயா. மீன்காரி வரட்டும்."

"மீன்காரி வந்து நாள் வைக்கப்போறாளோ?" என்றா மாமி.

பெரியம்மா மாமியைப் பார்க்கவே இல்லை. பெரியப்பாவிடம் சொன்னார், "அவள் பொட்டில்லாமல் வந்தால் நீங்கள் சொன்ன மாதிரிச் செய்வம். பொட்டோடை வந்தால் இனி இந்தக் கதை இந்த வீட்டிலை எடுக்கக்கூடாது."

பெரியப்பா யோசித்துவிட்டு, "சரி," என்றார்.

அப்போது மழை தொடங்கியது. தூறல் இல்லை, ஒரேயடியாகக் கொட்டுகிற கார்த்திகை மழை. அங்கே நின்ற எல்லாருக்கும் அது மழை. எனக்கு மட்டும் அது வைரவரடியிலிருந்து எங்கள் படலை வரைக்கும் உள்ள ஒழுங்கையும், கடதாசியில் முடிந்த குங்குமமும். சாமியறையில் என்னுடைய சாந்துப் பொட்டுப் போத்தல் இருந்தது, சாந்து தண்ணியில் கரையாது. அதை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று திரும்பினேன். அம்மா என் கையைப் பிடித்தார். "மழைக்கை எங்கையடி போறாய்?" விடவில்லை. படலை கிறீச்சிட்டது.

அவள் தலையில் கடகம், கடகத்தின் மேல் ஓலைத்தட்டி. முகத்தில் தண்ணி வழிந்துகொண்டிருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை. மூக்கோரத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கீறல் இறங்கி, அதுவும் எங்கள் கண் முன்னாலேயே கரைந்தது. விறாந்தையில் நிற்கிற ஆட்களைக் கண்டு அவள் முற்றத்திலேயே நின்றாள். ஐயர் பஞ்சாங்கத்தை மூடினார்.

"மழை அழிச்சுப்போட்டுது," என்றார் பெரியம்மா. உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்து, விறாந்தையை விட்டு மழைக்குள் இறங்கினார். "வா பிள்ளை. கிட்ட வா. நான் வைச்சுவிடுறன்."

அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள்.

"வேண்டாமம்மா."

"மழை அழிச்சதெண்டு சொல்லுறன். வா."

"நான் வைக்கிறது என்னோடை போற பொய். நீங்கள் பெத்தவ. உங்கடை கையாலை எனக்கு வைக்கக்கூடாதம்மா."

சிமிழைத் திறந்தபடி பெரியம்மா நின்றார். மழை அதற்குள் விழுந்து குங்குமம் விரல்களுக்கிடையால் வழிந்தது. அம்மா பிடித்திருந்த என் கை நோகத் தொடங்கியது.

"எப்ப?" என்று கேட்டார் கடைசியில்.

"அந்தக் கிழமையே. முனைக்கு அங்காலை கரை ஒதுங்கினவர்."

"பிள்ளையள்?"

"படகு கவிண்டதைக் கண்டவை இருக்கினம் அம்மா. ஒருத்தரும் கரை ஏறேல்லை."

ஓர் அலறல் கேட்டது. பெரியம்மாவிடமிருந்து இல்லை. பெரியப்பா தூணைக் கட்டிப்பிடித்து, தலையை அதில் மோதி மோதி, மாட்டைப்போல அழுதார். தர்ப்பை ஆள், அந்தியேட்டி என்று அத்தனை நாளும் கதைத்த மனிதர். அண்ணை செத்துப்போனதை அவர் அந்த நிமிஷம் வரைக்கும் நம்பியிருக்கவில்லை. பெரியம்மாவை வைது வைது, ஒவ்வொரு காலையும் அவரும் சாய்மனைக் கதிரையிலிருந்து அதே நெற்றியைத்தான் எட்டிப் பார்த்திருக்கிறார். இது எனக்கு விளங்க எத்தனையோ வருஷம் பிடித்தது.

பெரியம்மா சிமிழை மூடி இடுப்பில் செருகினார்.

"என்ன மீன் கொண்டந்தனி?"

"சூடை," என்றாள் அவள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"உள்ளுக்கு வா."

எங்கள் வீடுகளில் அவளுக்குத் தண்ணி கொடுப்பதென்றால் முற்றத்தில் நிற்கவைத்துக் கையில்தான் ஊற்றுவார்கள். அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகை போட்டு இருத்தினார் பெரியம்மா. மாமி வாயைத் திறந்தா, பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டா. நானும் அம்மாவின் கையை உதறிவிட்டு உள்ளே போனேன். பெரியம்மா சூடையைத் துப்புரவாக்கினார், பழப்புளி கரைத்தார், வெந்தயம் போட்டார். ஒன்றிலும் அவசரமில்லை, ஒன்றும் குறையவில்லை. இரண்டு கோப்பையில் சோறு போட்டு, தானும் அவளுக்கு எதிரே இருந்தார்.

இருவரும் சாப்பிட்டார்கள். வெளியே பெரியப்பாவின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. "இப்பவும் திண்டுகொண்டு இருக்கிறாள்," என்று மாமி ஐயருக்குச் சொன்னதும் கேட்டது.

"நீ கழுத்தை மூடிக்கொண்டு வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்," என்றார் பெரியம்மா, முள்ளை எடுத்து வைத்தபடி.

அவளுடைய கை நின்றுவிட்டது. "பிறகேனம்மா ஒவ்வொரு நாளும் நெத்தியைப் பாத்தனீங்கள்?"

"இண்டைக்கும் எனக்காக வைச்சுக்கொண்டு வந்திருக்கிறியோ எண்டு பாத்தனான்."

பெரியம்மா அவளுடைய கோப்பையில் இன்னும் இரண்டு மீன் வைத்தார். தனக்கும் வைத்து, குழம்பை வழித்து ஊற்றி, சட்டி வெறுமையாகும் வரை சாப்பிட்டார். எழுந்து கை கழுவவில்லை. எச்சில் கை கோப்பையிலேயே கிடக்க, சுவரோடு சாய்ந்தார். அவ்வளவு அசையாமல் இருந்த ஒருவரை நான் அதற்கு முந்திக் கண்டதில்லை. அண்ணை சொன்ன அந்தப் பழைய ஆங்கிலேயன் ஆராக இருந்தாலும், இப்படியொருவரைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லைத் துக்கத்துக்குக் கொடுத்திருப்பான்.

எனக்குப் பயம் வந்தது. "பெரியம்மா, எழும்பேல்லையோ?"

"ஏலாமல் கிடக்கு பிள்ளை. நிரம்பிப்போச்சு," என்றார். பிறகு, "ஐயர் போயிட்டாரோ எண்டு பார். போகாட்டில் நிக்கச் சொல்லு. அந்தியேட்டிக்கு நாள் பாக்கட்டும்," என்றார்.

நான் விறாந்தைக்குப் போனேன். ஐயர் போகவில்லை. பஞ்சாங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு, மழை விடட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.